நாள்தோறும் ஆஸ்பிரின்: புற்றுநோய்த் தடுப்பில் நன்மையும் தீங்கும் – கூமாப்பட்டி வட்டாரச் சூழலை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

மாரடைப்பும் பக்கவாதமும் மீண்டும் வாராமல் காக்க நாள்தோறும் வழங்கப்படும் ஆஸ்பிரின், சிலவகைப் புற்றுநோய்களையும் தடுக்கக்கூடும் என்னும் கருத்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகிறது. 2025ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவுகள் இக்கருத்தை மீண்டும் பொதுவெளிக்குக் கொண்டுவந்துள்ளன. இம்மருந்தின் நன்மை எல்லோருக்கும் பொதுவானதன்று. நோயாளியின் வயது, மரபணு, புற்றின் வகை ஆகியவற்றைப் பொறுத்து அது மாறுகிறது. தீங்கோ, குறிப்பாக இரத்தக்கசிவு, மருந்தை உட்கொள்ளும் எவருக்கும் நேரக்கூடியது. இவ்விரண்டையும் விருதுநகர் மாவட்டத்துக் கூமாப்பட்டி போன்ற மலையடிவாரச் சிற்றூரின் சூழலில் எடைபோடுவதும், இச்செய்தியைத் தமிழில் எடுத்துரைக்கும்போது கொள்ளவேண்டிய கவனத்தைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

திறவுச்சொற்கள்: ஆஸ்பிரின், புற்றுநோய்த் தடுப்பு, இரத்தத் தட்டணுக்கள், இரத்தக்கசிவு, கூமாப்பட்டி, அறிவியல் தமிழ், பத்தியம்

முன்னுரை

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், வத்திராயிருப்பை அடுத்து, பிளவக்கல் அணைப்பகுதியை ஒட்டி அமைந்த சிற்றூர் கூமாப்பட்டி. நெல்லும் தென்னையும் இவ்வட்டாரத்தின் வாழ்வாதாரம். 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இவ்வூரைப் பற்றிய குறுங்காணொளிகள் தமிழகமெங்கும் பரவின. அதுவரை பெயரைக்கூடக் கேள்விப்படாதோர் இவ்வூரைத் தேடி வந்தனர். ஒரு செய்தி சில நொடிக் காட்சியாகச் சுருங்கும்போது எத்துணை விரைவில் பரவும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

மருத்துவச் செய்திகளும் இன்று இவ்வழியே பயணிக்கின்றன. 'நாளுக்கு ஒரு ஆஸ்பிரின், புற்றுநோய் பாதியாகக் குறையும்' என்பது ஒரு கைப்பேசித் திரைக்குள் அடங்கிவிடும் தொடர். யாருக்குக் குறையும், எந்தப் புற்று, எத்தனை ஆண்டுகள் உட்கொண்டால், என்ன தீங்கை ஏற்றால் என்னும் வினாக்கள் அத்திரைக்குள் அடங்குவதில்லை. மாத்திரையோ மலிவானது, பெயரும் பழகியது. இதயநோயாளர் பலரின் வீடுகளில் அது முன்னரே இருக்கிறது. தமிழக அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியுடன் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வருவோர்க்கு உடனடியாக வழங்கப்படும் மருந்துகளில் குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் ஆகியவற்றுடன் ஆஸ்பிரினும் அடங்கும். இவ்வாறு உயிர்காக்கும் மருந்தாக ஊர்மக்கள் அறிந்த ஒன்றை வேறொரு நோய்க்கும் காப்பாகக் கருதுவது இயல்பே. அக்கருத்து எந்த அளவுக்குச் சான்றுடையது என்பதை ஆராயவேண்டிய தேவையும் இதனாலேயே எழுகிறது.

1. மருந்து செயற்படும் முறை

ஜெர்மனியின் பேயர் நிறுவனத்தில் 1897இல் தூய வடிவில் உருவாக்கப்பட்ட ஆஸ்பிரின், முக்கால் நூற்றாண்டுக் காலம் வலிக்கும் காய்ச்சலுக்குமான மருந்தாகவே வழங்கியது. அது உடலில் எவ்வாறு செயற்படுகிறது என்பதை 1971இல் பிரித்தானிய மருந்தியலாளர் ஜான் வேன் விளக்கினார். புரோஸ்டாகிளாண்டின் எனப்படும் வேதிப்பொருள்கள் உருவாவதை ஆஸ்பிரின் தடுக்கிறது என்பது அவர் கண்ட உண்மை. இத்துறை ஆய்வுகளுக்காக 1982இல் அவருக்கு நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

குறைந்த அளவு ஆஸ்பிரின் முதன்மையாகத் தாக்குவது இரத்தத் தட்டணுக்களை. இவற்றுக்கு உட்கரு இல்லை. ஆகவே ஆஸ்பிரினால் செயலிழந்த நொதியை இவற்றால் புதிதாக உருவாக்கிக்கொள்ள இயலாது. தட்டணு வாழும் எட்டு முதல் பத்து நாள்களுக்கும் அப்பாதிப்பு நீடிக்கிறது. 75 மி.கி. போன்ற சிறிய அளவே போதுமானதாக இருப்பதற்கு இதுவே காரணம்.

தட்டணுக்களுக்கும் புற்றுநோய்க்கும் என்ன தொடர்பு? மூலக்கட்டியிலிருந்து பிரிந்து இரத்தத்தில் மிதக்கும் புற்றணுக்களைத் தட்டணுக்கள் சூழ்ந்துகொண்டு, உடலின் எதிர்ப்பாற்றலிலிருந்து மறைக்கின்றன என்பது நெடுநாளைய கருத்து. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு இதற்கு மேலும் தெளிவு தந்தது. தட்டணுக்கள் சுரக்கும் திராம்பாக்சேன் என்னும் பொருள், புற்றணுக்களை அழிக்கும் டி உயிரணுக்களைச் செயல் குன்றச் செய்கிறது. ஆஸ்பிரின் அச்சுரப்பைக் குறைப்பதால் டி உயிரணுக்கள் மீண்டும் செயற்படுகின்றன. எலிகளில் நிகழ்ந்த ஆய்வு இது. புற்றுநோய் பரவும் தொடக்க நிலையில் ஆஸ்பிரின் ஏன் பயன்படக்கூடும் என்பதற்கு இஃது ஏற்புடைய விளக்கம் தருகிறது. எந்த மனிதருக்குப் பயன்படும் என்பதை இது கூறவில்லை. அதற்கு மருத்துவ ஆய்வுகளையே நாடவேண்டும்.

மருந்தின் இரு முகங்களும் ஒரே செயலிலிருந்து பிறக்கின்றன என்பது இங்குக் கருதத்தக்கது. தட்டணுக்கள் திரள்வதைத் தடுப்பதால் நன்மை விளைகிறது. அவை திரளாமையால் இரத்தம் கசிகிறது. இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின்களும் குறைவதால் புண் உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது. ஆகவே நன்மையை மட்டும் பிரித்தெடுத்துக்கொள்ள வழியில்லை.

2. மூன்று வினாக்கள்

'ஆஸ்பிரின் புற்றுநோயைத் தடுக்குமா?' என்னும் ஒரே வினாவுக்குள் மூன்று தனி வினாக்கள் அடங்கியுள்ளன. நோயற்ற பொதுமக்களுக்கு நோய் வாராமல் தடுக்குமா? மரபுவழியாக மிகுந்த வாய்ப்புடையோரைக் காக்குமா? அறுவைசிகிச்சைக்குப் பின் நோய் மீள்வதைத் தடுக்குமா? இம்மூன்றுக்கும் விடைகள் வேறுவேறானவை.

2.1 நலமுடன் இருப்போர்

ஆஸ்பிரின் உட்கொள்வோரிடம் பெருங்குடல் புற்றுநோய் குறைவு என்பதை 1988இல் மெல்பர்ன் நகர ஆய்வொன்றில் கேப்ரியேல் கியூன் குழுவினர் சுட்டினர். இதயநோய்க்காக நிகழ்ந்த பழைய ஆய்வுகளில் பங்கேற்றோரை இருபது ஆண்டுகள் வரை பின்தொடர்ந்து, ஆக்சுபோர்டு அறிஞர் பீட்டர் ராத்வெல் 2010இல் வெளியிட்ட பகுப்பாய்வு அக்கருத்துக்கு வலுச்சேர்த்தது. ஆண்டுக்கணக்கில் ஆஸ்பிரின் உட்கொண்டோரிடம் பெருங்குடல் புற்றுநோய் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அப்பயன் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆயின.

இந்நம்பிக்கையை மறுபரிசீலனை செய்ய வைத்தது 2018இல் வெளிவந்த 'ஆஸ்ப்ரீ' ஆய்வு. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் எழுபது வயதைக் கடந்த, நலமுடன் இருந்த 19,114 பேர் இதில் பங்கேற்றனர். ஒரு பிரிவினர்க்கு நாள்தோறும் 100 மி.கி. ஆஸ்பிரினும் மறுபிரிவினர்க்கு மருந்துப்போலியும் வழங்கப்பட்டன. ஐந்து ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைந்த காலத்தில், புற்றுநோயால் இறந்தோர் ஆஸ்பிரின் பிரிவில் 3.1 விழுக்காடு, மருந்துப்போலிப் பிரிவில் 2.3 விழுக்காடு. எதிர்பார்த்ததற்கு மாறான இம்முடிவை எச்சரிக்கையுடன் அணுகவேண்டும் என்று ஆய்வாளர்களே குறிப்பிட்டனர். எனினும், முதுமையில் தொடங்கும் ஆஸ்பிரின் காக்கும் என்னும் கூற்றுக்கு இது இடமளிக்கவில்லை.

அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவின் பரிந்துரைகளில் இம்மாற்றத்தைத் தெளிவாகக் காணலாம். 2016இல் இதயநோய் வாய்ப்பு மிகுந்த 50 முதல் 59 வயதினர்க்கு, பெருங்குடல் புற்றுநோய்த் தடுப்பையும் சேர்த்து, அது ஆஸ்பிரினைப் பரிந்துரைத்தது. 2022இல் அறுபது வயதைக் கடந்தோர் இதயநோய் முதல்நிலைத் தடுப்புக்காகப் புதிதாகத் தொடங்க வேண்டா என்று கூறியதுடன், பெருங்குடல் புற்றுநோயைக் குறைக்கும் என்பதற்குச் சான்று போதாது என்றும் அறிவித்தது.

2.2 மரபுவழி வாய்ப்புடையோர்

லிஞ்ச் நோய்க்கூட்டம் என்பது பெருங்குடல், கருப்பை உட்படப் பல உறுப்புகளில் இளவயதிலேயே புற்றுநோய் தோன்றச் செய்யும் மரபணுக் குறைபாடு. இதனை உடைய 861 பேரிடம் நிகழ்ந்த 'கேப்-2' ஆய்வின் நீண்டகால முடிவு 2020இல் வெளிவந்தது. நாளுக்கு 600 மி.கி. ஆஸ்பிரின் பெற்ற 427 பேரில் 40 பேருக்கும், மருந்துப்போலி பெற்ற 434 பேரில் 58 பேருக்கும் பெருங்குடல் புற்றுநோய் கண்டது. நூற்றுக்கு 13 என்பது 9 ஆயிற்று. இங்கிலாந்தின் தேசிய நல மேம்பாட்டு நிறுவனமும் 2020இல் லிஞ்ச் குறைபாடு உடையோர்க்கு ஆஸ்பிரினைக் கருதலாம் எனப் பரிந்துரைத்தது. மூன்று வினாக்களில் தெளிவான 'ஆம்' கிடைத்திருப்பது இவ்வகையினர்க்கே.

2.3 சிகிச்சை முடித்தோர்

மூன்றாம் வினாவுக்கு இரு ஆய்வுகளை அருகருகே வைத்து நோக்குவது பயன்தரும். சிங்கப்பூரைத் தலைமையிடமாகக் கொண்டு இந்தியா உள்ளிட்ட நாடுகளில் நிகழ்ந்த 'அஸ்கோல்ட்' ஆய்வில், பெருங்குடல் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த 1,587 பேருக்கு நாள்தோறும் 200 மி.கி. ஆஸ்பிரின் அல்லது மருந்துப்போலி மூன்றாண்டுகள் தரப்பட்டது. ஐந்தாண்டுகளில் நோய் மீளாமல் வாழ்ந்தோர் முறையே 77.0, 74.8 விழுக்காட்டினர். இச்சிறு வேறுபாடு புள்ளியியல் அடிப்படையில் உறுதிப்படவில்லை.

சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனம் தலைமையேற்று நான்கு நார்டிக் நாடுகளில் நடத்திய 'அலாஸ்க்கா' ஆய்வு வேறு வழியைக் கையாண்டது. நோயாளிகளின் கட்டியிலுள்ள மரபணுவை முதலில் சோதித்து, பி.ஐ.3.கே. எனப்படும் உயிரணுச் செய்திப்பாதையில் மாற்றம் உடையோரை மட்டும் தேர்ந்தது. ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு அம்மாற்றம் இருந்தது. 626 பேருக்கு 160 மி.கி. ஆஸ்பிரின் அல்லது மருந்துப்போலி மூன்றாண்டுகள் வழங்கப்பட்டது. 2025 செப்டம்பரில் வெளிவந்த முடிவின்படி, குறிப்பிட்ட மரபணு மாற்றமுடைய முதன்மைப் பிரிவில் நோய் மீண்டோர் ஆஸ்பிரினில் 7.7 விழுக்காடு, மருந்துப்போலியில் 14.1 விழுக்காடு. 'பாதியாகக் குறையும்' என்னும் செய்தித் தலைப்புகளின் மூலம் இதுவே.

தேர்ந்தெடுக்காமல் எல்லோருக்கும் தந்தபோது உறுதிப்படாத பயன், மரபணுவால் தேர்ந்தெடுத்தபோது வெளிப்பட்டது. எனவே பயனைத் தீர்மானிப்பதில் மாத்திரைக்கு நிகரான பங்கு தேர்வுக்கும் உண்டு. புற்றின் வகையும் இத்தேர்வில் அடங்கும். மார்பகப் புற்றுநோய் கண்ட 3,020 பேரிடம் நிகழ்ந்து 2024இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 300 மி.கி. ஆஸ்பிரினால் எப்பயனும் விளையவில்லை.

3. தீங்கின் கணக்கு

'ஆஸ்ப்ரீ' ஆய்வில் கடுமையான இரத்தக்கசிவு, ஆயிரம் பேரை ஓராண்டு கவனித்தால் ஆஸ்பிரின் பிரிவில் 8.6 என்னும் அளவிலும் மருந்துப்போலிப் பிரிவில் 6.2 என்னும் அளவிலும் நிகழ்ந்தது. ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு இரண்டு அல்லது மூன்று பேர் மிகுதியாகப் பாதிப்புற்றனர் எனலாம். 'அலாஸ்க்கா' ஆய்வில் கடுமையான பாதக நிகழ்வுகள் ஆஸ்பிரின் பெற்றோரில் 16.8 விழுக்காட்டினர்க்கும் மருந்துப்போலி பெற்றோரில் 11.6 விழுக்காட்டினர்க்கும் நேர்ந்தன.

பின்னதை முழு எண்களில் கூறினால் நன்மையும் தீங்கும் ஒரே தட்டில் தெரியும். தகுந்த மரபணு மாற்றமுடைய நூறு நோயாளிகளுக்கு மூன்றாண்டுகள் ஆஸ்பிரின் தந்தால் ஆறு பேருக்கு நோய் மீள்வது தவிர்க்கப்படுகிறது. ஐந்து பேருக்குக் கடுமையான பாதக நிகழ்வு கூடுதலாக நேர்கிறது. புற்றுநோய் மீள்வதும் சிகிச்சையால் ஆற்றக்கூடிய கசிவும் ஒரே எடையுடையன அல்ல. ஆகவே இந்நோயாளிகள் ஆஸ்பிரினை ஏற்பது அறிவுக்கு ஒத்ததே. நோயே இல்லாத ஒருவருக்கு இக்கணக்கின் முதற்பகுதி மிகச் சிறுத்துவிடும். இரண்டாம் பகுதி அப்படியே நிற்கும்.

மருந்தைச் சோதிப்போரே இத்தீங்கை எவ்வாறு கருதுகின்றனர் என்பதற்கு 'ஆட்-ஆஸ்பிரின்' ஆய்வு எடுத்துக்காட்டு. பிரிட்டன், அயர்லாந்து, இந்தியா ஆகிய நாடுகளில் மார்பகம், பெருங்குடல், இரைப்பை–உணவுக்குழாய், புராஸ்டேட் புற்றுநோய்களுக்காக 2015 முதல் இவ்வாய்வு நிகழ்கிறது. இந்தியாவில் மும்பை டாடா நினைவு மையம் இதில் பங்கேற்கிறது. பங்கேற்போர் அனைவரும் முதல் எட்டு வாரங்கள் 100 மி.கி. ஆஸ்பிரின் உட்கொள்ள வேண்டும். அதைத் தாங்கியோர் மட்டுமே ஆய்வின் அடுத்த நிலைக்குச் செல்வர். மருத்துவக் கண்காணிப்புக்குள்ளேயே இத்துணை முன்னெச்சரிக்கை தேவைப்படும் மருந்தைத் தாமாகத் தொடங்குவது எத்தகையது என்பதை இதனால் உணரலாம்.

4. கூமாப்பட்டியில் நின்று எடைபோடுதல்

மேற்கண்ட எண்களில் பெரும்பாலானவை வேறு நாட்டு மக்களிடமிருந்து பெறப்பட்டவை. அவற்றைக் கூமாப்பட்டி போன்ற ஊருக்குப் பொருத்தும்போது நான்கு கூறுகள் கருதத்தக்கன.

முதலாவது, நோயின் வகை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் 2022ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி இந்தியாவில் முன்வரிசையில் நிற்பவை மார்பகம், வாய், கருப்பைவாய், நுரையீரல், உணவுக்குழாய்ப் புற்றுநோய்கள். ஆஸ்பிரினுக்கு வலுவான சான்றுள்ள பெருங்குடல் புற்றுநோய் இவ்வரிசையில் பின்னதே. தடுக்க விழையும் நோய் குறைவாக உள்ள இடத்தில் தடுப்பு மருந்தின் பயனும் அதே அளவில் குறையும். கசிவின் அளவு குறையாது.

இரண்டாவது, உடல்நிலை. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்று (2019–21), தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையோர் என்கிறது. முன்னரே இரத்தம் குன்றியவருக்கு நாள்தோறும் சிறிது சிறிதாக நிகழும் குடற்கசிவு, வெளியே தெரியாமலே சோர்வை மிகுவிக்கும். இரைப்பைப் புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் பைலோரி நுண்ணுயிர் இந்தியாவில் பரவலாகக் காணப்படுவது. ஆஸ்பிரினுடன் அது சேர்ந்தால் கசிவின் வாய்ப்பு மேலும் உயர்கிறது. டெங்குக் காய்ச்சலில் தட்டணுக்கள் குறையும்போது ஆஸ்பிரின் தவிர்க்கப்பட வேண்டியது என்பதும் மழைக்காலந்தோறும் நினைவிற்கொள்ள வேண்டிய உண்மை.

மூன்றாவது, பழக்கவழக்கம். வயலிலும் தோப்பிலும் உழைப்போர் மூட்டுவலிக்கும் இடுப்புவலிக்கும் கடையில் வலிமாத்திரை வாங்குவது அரிதன்று. இபுபுரோஃபென், டைக்ளோபினாக் போன்றவை ஆஸ்பிரினுடன் சேரும்போது இரைப்பைக்கசிவு பெருகும், மதுவும் அவ்வாறே. மேலும், மலத்தில் இரத்தம் கண்டால் 'மூலச்சூடு' என்று ஒதுக்கும் வழக்கம் கிராமங்களில் உண்டு. ஆஸ்பிரின் உட்கொள்பவரிடம் அவ்விரத்தம் மருந்தின் விளைவாகவோ, பெருங்குடல் புற்றின் முதல் அறிகுறியாகவோ இருக்கலாம். தடுப்பதாக எண்ணி உட்கொண்ட மருந்தே நோயைக் காலந்தாழ்த்திக் கண்டறியக் காரணமாகும் இடர் இதில் உள்ளது.

நான்காவது, தொலைவு. இரைப்பையில் பெருங்கசிவு ஏற்பட்டால் இரத்தம் ஏற்றுதலும் உள்நோக்கிச் சிகிச்சையும் தேவைப்படும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இவை இயலா. திருவில்லிபுத்தூர், இராசபாளையம், 2022 முதல் செயற்படும் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி, மதுரை அரசு இராசாசி மருத்துவமனை என நோயாளி நகரவேண்டியிருக்கும். ஒரே அளவு கசிவு பெருநகரில் ஒரு நிகழ்வாகவும் மலையடிவாரத்தில் உயிரிழப்பாகவும் முடியக்கூடும்.

இவற்றுடன் ஒரு முரணும் உண்டு. மாத்திரை மலிவு, அம்மாத்திரை யாருக்கு உதவும் என்று கண்டறியும் மரபணுச் சோதனையோ விலைமிக்கது. மாத்திரை ஊர்க்கடையில் கிடைக்கும். சோதனை பெருநகர் மையங்களில் கிடைக்கும். ஆகவே 'மலிவான புற்றுநோய் மருந்து' என்னும் அடைமொழி முழுமையானதன்று. சிற்றூர் நோயாளிக்கு இக்கண்டுபிடிப்பின் பயன் சென்றடைய வேண்டுமாயின், அவர்தம் அறுவைசிகிச்சையில் அகற்றப்படும் கட்டியை அரசு மருத்துவமனை வழியாகவே மரபணுச் சோதனைக்கு உட்படுத்தும் ஏற்பாடு தேவை.

அதுவரை, இவ்வட்டாரத்தில் பெரும்பயன் தரும் தடுப்பு முறைகள் வேறு உள்ளன. புகையிலையைக் கைவிடுதல் வாய்ப்புற்றையும் நுரையீரல் புற்றையும் குறைக்கும். கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் தடுப்பூசியைச் சிறுமியர்க்கு இலவசமாக வழங்குவதாகத் தமிழக அரசு 2025–26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்துள்ளது.

5. தமிழில் எடுத்துரைத்தல்

மருத்துவச் செய்தி மக்களைச் சென்றடைவது மொழிவழியாகவே. ஆதலின் சொற்றேர்வும் இங்குப் பாதுகாப்பின் ஒரு பகுதியாகிறது.

ஆஸ்பிரினை 'இரத்தத்தை இளக்கும் மாத்திரை' என்பது பேச்சுவழக்கு. உண்மையில் இரத்தம் இளகுவதில்லை. தட்டணுக்கள் ஒன்றுதிரள்வது தடைபடுகிறது. 'இளக்குதல்' என்னும் சொல் இதமான, நன்மையான செயலை உணர்த்துவதால் கசிவின் இடரை மறைத்துவிடுகிறது. 'இரத்தம் உறைவதைக் குறைக்கும் மாத்திரை' என்றால், அடிபட்டால் இரத்தம் எளிதில் நிற்காது என்பது சொல்லிலேயே விளங்கும்.

'தடுக்கும்' என்னும் வினையும் அவ்வாறே மயக்கம் தருகிறது. வாராமல் காத்தல், மீளாமல் காத்தல் என்னும் இரண்டையும் அது வேறுபடுத்துவதில்லை. 'பாதியாகக் குறையும்' என்பது ஒப்பீட்டுக் குறைவு. 'நூற்றுக்குப் பதினான்கு என்பது எட்டாகக் குறையும்' என்பது நேரடி வேறுபாடு. பின்னதை எழுதினால் மீதமுள்ள எண்பத்தாறு பேர்க்கு மருந்தின்றியும் மூன்றாண்டுகளில் நோய் மீளவில்லை என்பது படிப்போர்க்குப் புலனாகும்.

இவ்விடத்தில் தமிழ் மருத்துவ மரபின் ஒரு சொல் துணைநிற்கிறது. கூமாப்பட்டிக்கு அண்மையிலுள்ள சதுரகிரி, சித்தர்களோடும் மூலிகைகளோடும் இணைத்துப் பேசப்படும் மலை. உடலை நோயணுகாமல் காக்க நாள்தோறும் மருந்துண்ணும் காயகற்பக் கருத்து இம்மரபில் பழகியது. ஆயின் இம்மரபில் மருந்து தனித்து வழங்கப்படுவதில்லை, பத்தியத்துடன் வழங்கப்படுகிறது. எதனுடன் உண்ணலாம், எதைத் தவிர்க்கவேண்டும், எத்தனை நாள் என்பன மருந்தின் பகுதிகளாகவே கருதப்படுகின்றன. நவீன மருந்தியலின் எச்சரிக்கைகளைப் 'பக்கவிளைவு' என்று ஒதுக்கிக் கூறுவதைவிட 'இம்மருந்துக்குரிய பத்தியம்' என்று கூறுவது ஊர்மக்களின் மனத்தில் ஆழப்பதியும். புண் உடையோர்க்கும் இரத்தசோகையர்க்கும் மருத்துவரின் ஆய்வுக்குப் பின்னரே. பிற வலிமாத்திரையும் மதுவும் கூடா. டெங்குக்காலக் காய்ச்சலில் உடனே மருத்துவரிடம் தெரிவித்தல். மலம் கறுத்தாலோ இரத்தம் கண்டாலோ காலந்தாழ்த்தாமை – இவை ஆஸ்பிரினின் பத்தியம்.

இப்பத்தியத்தில் ஒன்றைத் தனித்துக் கூறவேண்டும். மாரடைப்போ பக்கவாதமோ கண்டு, மருத்துவர் பரிந்துரைத்து ஆஸ்பிரின் உட்கொள்வோர், கசிவைப் பற்றிய செய்தியைப் படித்துத் தாமாக அதனை நிறுத்துதல் கூடாது. அவர்களுக்கு அதன் நன்மை நிறுவப்பட்டது. திடீரென நிறுத்துவது மீண்டும் இதயத்தாக்குதலுக்கு வழிவகுக்கலாம். தொடங்குவதும் நிறுத்துவதும் மருத்துவரின் முடிவுகளே.

முடிவுரை

லிஞ்ச் குறைபாடு உடையோர்க்கும், குறிப்பிட்ட மரபணு மாற்றத்துடன் கூடிய பெருங்குடல் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்தோர்க்கும் ஆஸ்பிரின் பயன்தரும் என்பதற்குச் சமவாய்ப்பு ஆய்வுகளின் சான்று உண்டு. நலமுடன் இருப்போர், குறிப்பாக முதியோர், புற்றுநோய்த் தடுப்புக்காக அதனைத் தொடங்குவதற்குப் போதிய சான்று இல்லை. தீங்கிற்குச் சான்று உண்டு. இரத்தசோகையும், மருத்துவரைக் கேளாத வலிமாத்திரைப் பழக்கமும், மருத்துவமனைத் தொலைவும் ஒருங்கே அமைந்த ஊர்களில் இத்தீங்கின் எடை மேலும் கூடுகிறது.

ஆட்-ஆஸ்பிரின் போன்ற ஆய்வுகளின் முடிவுகள் மார்பக, இரைப்பைப் புற்றுகள் பற்றிய விடைகளில் இந்திய நோயாளிகளின் பங்கையும் உள்ளடக்கும். அவை வெளிவரும்போது, யாருக்கு, எந்த அளவு, எத்தனை ஆண்டு, என்ன தீங்குடன் என்னும் நான்கையும் ஒருசேரத் தமிழில் எழுதும் வழக்கம் நிலைபெற்றிருக்க வேண்டும். அறிவியல் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் கலைச்சொல்லாக்கத்தோடு எண்களை எடுத்துரைக்கும் முறையையும் பாடப்பொருளாகக் கொள்வது இதற்கு முதற்படியாக அமையும்.